ஆறு எவ்வளவு கொள்ளும்?

பாலாற்றைப் பற்றி எழுதப் போகிறோம் என்று சொன்னால் நேயர்களில் பாதிப் பேர் புன்னகை செய்வார்கள். காட்பாடியிலிருந்து வேலூருக்கு ரயிலில் போகிறவர்கள், வண்டி பாலத்தின் மேல் கடகடவென்று ஓடும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இதற்கா இத்தனை பெரிய பாலம்?" என்று கேட்பது வழக்கம். கீழே மணல், மணலுக்கு நடுவே சீமைக் கருவேலம் புதர், புதருக்கு நடுவே நாலு வெள்ளாடுகள். வருஷத்தில் பெரும்பகுதி நாட்கள் பாலாற்றில் காணக் கிடைக்கும் ஜீவராசிகள் இவைதான்.

ஆனால் அந்தப் பாலத்தைக் கட்டியவர்கள் ஆடுகளை உத்தேசித்துக் கட்டவில்லை. எப்போதோ ஒரு நாள் வரப் போகும் ஜலத்தை உத்தேசித்துக் கட்டினார்கள். அந்த நாளைப் பற்றித்தான் இந்த வாரம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பாலாறு நந்தி மலைப் பக்கத்தில் உற்பத்தியாகிறது. கர்நாடகத்தில் 93 கிலோ மீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோ மீட்டர் ஓடி, பிறகு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம் என்று தமிழ்நாட்டில் 222 கிலோ மீட்டர் கடந்து, வயலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. இந்த நதியைப் பற்றி நூறு வருஷத்துக்கு மேலாக நாம் போட்டு வரும் சண்டையெல்லாம் ஒரே தினுசானது: ஜலம் வரவில்லையே என்ற சண்டை. 1892-ல் சென்னை ராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் பாலாற்றின் பெயர் இருக்கிறது. 2006-ல் குப்பத்துக்கு அருகே கணேசபுரத்தில் ஆந்திர சர்க்கார் அணை கட்டப் போவதாகச் சொன்னதும், நம் சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2016-ல் புல்லூர்த் தடுப்பணையின் உயரத்தை 5 அடியிலிருந்து 12 அடியாக்கியபோது திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கத்து விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. அதை இங்கே குறைத்துப் பேசப் போவதில்லை.

ஆனால் வராத ஜலத்தைப் பற்றியே பேசிப் பேசிப் பழகிவிட்டதால், வருகிற ஜலத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. வந்தால், இந்த ஆறு எவ்வளவு கொள்ளும்?

*

1903-ம் வருஷம் நவம்பர் மாதம் 12-ந் தேதி. அடைமழையில் மைசூர்ச் சீமையில் பாலாற்றின் மேல் அமைந்திருந்த ஏரிகள் உடைத்துக் கொண்டன. அந்தப் பக்கத்தில் பாலாறு ஓடுகிறது என்பதைவிட ஏரிக்கு ஏரி தாவுகிறது என்று சொல்வதே பொருத்தம். பேத்தமங்கலம் ஏரியைப் போல ஆற்றின் குறுக்கே கரை போட்ட பெரிய ஏரிகள் சங்கிலிக் கண்ணிகளைப் போலக் கோத்துக் கிடக்கின்றன. சங்கிலியில் மேல் கண்ணி அறுந்தால் கீழ்க் கண்ணி என்ன செய்யும்? ஓர் ஏரியின் ஜலம் அடுத்த ஏரியில் விழுந்து, அதையும் உடைத்துக் கொண்டு, சேர்ந்து இறங்கியது. வாணியம்பாடி நகரில் பெரும் பகுதி நாசமாயிற்று. சுமார் 200 பேர் மாண்டார்கள். அவர்கள் ஞாபகார்த்தமாக அவ்வூரில் ஒரு தூண் நிற்கிறது.

அதற்குப் பிறகு நூற்றுப் பதினெட்டு வருஷங்கள் கழிந்தன. 2021 நவம்பரில் வங்காள விரிகுடாவில் ஒன்றன் பின் ஒன்றாகத் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வுகள் வட தமிழ்நாட்டையும் சித்தூர் ஜில்லாவையும் நனைத்தன. ஆந்திரப் பக்கத்துக் கலவகுண்டா அணை நிரம்பிப் பொன்னையாற்றில் ஜலம் திறக்கப்பட்டது. குடியாத்தத்துக்கு மேலே கவுண்டின்ய நதியில் மோர்தானா அணை வழிந்தது. வாணியம்பாடிப் பக்கமிருந்து பாலாறும் பெருகி வந்தது. நவம்பர் 19-ந் தேதி வாலாஜாவுக்கு அருகேயுள்ள பாலாற்று அணைக்கட்டைத் தாண்டிய ஜலம் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். 1903-க்குப் பிறகு இப்படிப்பட்ட வெள்ளம் இதுதான் என்று பத்திரிகைகள் எழுதின.

ஒரு லட்சம் கன அடி என்று சொன்னால் மனத்தில் ஓர் உருவமும் ஏற்படுவதில்லை. வேறு விதமாகச் சொல்கிறேன். கோடைக் காலத்தில் தெருவுக்குத் தெரு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக் கொள்ளுங்கள். அப்படிப்பட்ட லாரிகள் ஒரு வினாடிக்கு 230-க்கு மேல், அடுத்த வினாடி இன்னொரு 230, இரவும் பகலும் இடைவிடாமல் ஒரே ரஸ்தாவில் போவதாக வைத்துக் கொண்டால் சுமாராகச் சரியாயிருக்கும்.

விரிஞ்சிபுரத்துத் தரைப்பாலம் சேதமாயிற்று. குடியாத்தத்தில் கவுண்டின்ய நதிக் கரையில் இருந்த வீடுகள் இடிந்தன. அடுத்த மாதம், வெள்ளமெல்லாம் அடங்கிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த சமயத்தில், திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் இடையே பொன்னையாற்றின் மேலுள்ள பழைய ரயில் பாலத்தில் தூண் அடியை ஜலம் அரித்துவிட்டது தெரிய வந்து, ரயில்களை நிறுத்தினார்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்கும் கோயமுத்தூருக்கும் புறப்பட்டவர்கள் எல்லாம் வழியில் தவித்தார்கள்.

*

"மேலே அணைகள் இருக்கின்றனவே, அவை வெள்ளத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளாதா?" என்று ஓர் அன்பர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோர்தானா அணையின் கொள்ளளவு சுமார் 261 மில்லியன் கன அடி. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் அணைக்கட்டில் 2021 நவம்பரில் கடந்தது போல வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஓடினால், இந்த அணை முழுவதும் அடங்கியிருக்கும் ஜலம் முக்கால் மணி நேரத்துக்குக்கூடக் காணாது. பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் கட்டிய அணையை வெள்ளத்துக்குக் காவலாளியாக நம்புவது, கதவுக்குக் குறுக்கே கைக்குழந்தையைப் படுக்க வைத்துவிட்டுத் திருடனை எதிர்பார்ப்பது போலத்தான். வெள்ளம் வரும்போது அணை நிரம்பியிருந்தால், வருகிற ஜலத்தை வந்தபடியே கீழே அனுப்புவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

கதவு வைத்த அணையானால் நிலைமை இன்னும் தர்மசங்கடமானது. அங்கே ஒரு மனிதர் நிற்கிறார். நடுநிசியில், கொட்டும் மழையில், கையில் டெலிபோனுடன் நிற்கிறார். கதவைத் திறக்காவிட்டால் அணைக்கு ஆபத்து. அதிகமாகத் திறந்தால் கீழே உள்ள ஊர்களுக்கு ஆபத்து. "எவ்வளவு வரையில் திறந்தால் கீழே கரை மீறாது?" என்ற ஒரே ஒரு எண் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண் தெரிந்தவர் மழைக்கு முன்னாலேயே, பகல் வெளிச்சத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடுவார். தெரியாதவர் கடைசி நிமிஷம் வரையில் கடவுளை வேண்டிக் கொண்டிருந்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் திறப்பார்.

இது கற்பனை அல்ல. 2015 டிசம்பர் முதல் இரண்டு தேதிகளில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் அடையாற்றில் விட்டார்கள். சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் முழுகின. கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை பிற்பாடு வெளிவந்து, அதை மனிதர்கள் உண்டாக்கிக் கொண்ட விபத்து என்றே சொல்லிற்று. 2024 டிசம்பர் 2-ந் தேதி விடியுமுன், வேலூருக்குத் தெற்கே அடுத்த ஆறான தென்பெண்ணையில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் வெளியேறியது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் கரையோர கிராமங்களில் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அகரம் பள்ளிப்பட்டில் சுமார் 16 கோடி ரூபாய் செலவில் கட்டி, திறந்து மூன்று மாதமே ஆகியிருந்த பாலம் அடித்துக் கொண்டு போகப்பட்டது. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது சர்க்கார். எங்களுக்கு எட்டவில்லை என்றார்கள் ஜனங்கள். இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கலாம். "இத்தனை கன அடி வருகிறது" என்று தண்டோராப் போட்டால், அந்தத் தொகைக்குத் தன் வீட்டு வாசற்படி நனையுமா, கூரை முழுகுமா என்று யாருக்குத் தெரியும்? அதைச் சொல்லாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான்.

வெளி தேசத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரைக் காப்பாற்றுவதற்கென்றே 1940-களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். அவற்றின் கீழே பஃபலோ பையூ என்ற ஓடை நகரத்துக்குள் ஓடுகிறது. வருஷங்கள் செல்லச் செல்ல ஓடையின் இரு கரையிலும் தனவந்தர்களின் மாளிகைகள் எழும்பின. ஓடையில் வினாடிக்கு 2,000 கன அடிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தது. இரண்டு தேக்கங்களும் நிரம்பின. வேறு வழியின்றி 13,000 கன அடி அளவுக்குத் திறந்தார்கள். மாளிகைகளுக்குள் ஜலம் புகுந்தது. சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தேக்கத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், தேக்கம் யாரைக் காப்பாற்றக் கட்டப்பட்டதோ அவர்கள்தான் முழுகிப் போனார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். 2,000 என்ற எண் அவர்களிடம் இருந்தது. எல்லை மீறுகிறோம் என்று தெரிந்தே மீறினார்கள்.

*

ஆறு எவ்வளவு கொள்ளும் என்பதைக் கண்டுபிடிப்பது பிரம்ம வித்தை அல்ல. ஆற்றைக் குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்பு எவ்வளவு, சரிவு எவ்வளவு, அடித்தளம் எவ்வளவு கரடுமுரடு என்ற மூன்றும் தெரிந்தால் போதும். இவற்றிலிருந்து ஜலத்தின் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை அயர்லாந்து தேசத்து இஞ்சினீயர் ராபர்ட் மானிங் 1889-லேயே எழுதிவிட்டார். நம் இஞ்சினீயரிங் கல்லூரிப் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

அந்தச் சூத்திரத்தில் இரண்டு ஆச்சரியங்கள் இருக்கின்றன. ஒன்று ஆழத்தைப் பற்றியது. அகலமான ஆறு ஒன்று மண் தூர்ந்து பாதி ஆழமாகிவிட்டால், அதில் பாதி ஜலம் போகும் என்றுதானே நினைப்போம்? இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் போகும்; ஏனென்றால் ஆழம் குறைந்தால் வேகமும் குறைகிறது. மற்றொன்று கரடுமுரடு. சுத்தமான மணல் ஆற்றுக்குச் சுமார் 0.03 என்று ஒரு எண் போடுகிறார்கள். அதே ஆற்றில் அடர்ந்த புதர் மண்டிவிட்டால் எண் 0.10 வரையில் ஏறுகிறது. அகலம் குறையவில்லை, ஆழமும் குறையவில்லை. ஆனாலும் ஜலத்தின் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வேகம் குறைந்த ஜலம் எங்கே போகும்? உயரும், கரையைத் தாண்டும். ரயில் ஜன்னலிலிருந்து பார்த்த சீமைக் கருவேலம் புதரை இப்போது இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஆடுகளுக்கு அது நிழல். வெள்ளத்துக்கு அது கண்ணுக்குத் தெரியாத ஓர் அணை.

இங்கே ஒரு சமத்காரமான வாதம் கிளம்புவது உண்டு. "பாலாற்றில்தான் லாரி லாரியாக மணல் அள்ளிவிட்டார்களே! ஆறு ஆழமாகியிருக்குமே, கொள்ளளவு கூடியிருக்குமே?" என்பார்கள். பள்ளம் வேறு, வாய்க்கால் வேறு. அங்கங்கே தோண்டிய பள்ளத்தில் ஜலம் நிரம்பி நிற்கும். அது ஓடுவதற்கு அடுத்த மேட்டையும், அடுத்த பாலத்தின் கண்களையும் தாண்டியாக வேண்டும். ஒரு புனலின் வாய் எத்தனை அகலமாக இருந்தால் என்ன, குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவுதான் இறங்கும். ஆற்றின் கொள்ளளவு என்பது அதன் மிகக் குறுகலான இடத்தின் கொள்ளளவுதான். தவிரவும் மணல் போன இடத்தில் பாலத் தூண்களின் அடி வெளியே வந்து நிற்கிறது. அதுவும் போதாதென்று, மணலுக்கு அடியில் மறைவாக ஓடிக் கொண்டிருந்த ஊற்று ஜலமும் கீழே இறங்கிப் போயிற்று. நஷ்டம் இரண்டு பக்கமும்.

*

இந்த ஆற்றங்கரையில் இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை - இவை தோல் ஊர்கள். ஆவாரம்பட்டையில் ஊற வைத்துப் பதனிட்ட காலத்திலிருந்து இந்தத் தொழில் இந்த ஆற்று ஜலத்தை நம்பியே வளர்ந்தது. ஆம்பூரில் தைத்த பாதரட்சைகள் ஐரோப்பா முழுவதும் நடமாடுகின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, முக்கியமாக ஸ்திரீகளுக்கு, அங்கே ஜீவனம் கிடைக்கிறது. குரோமியம் உப்பில் பதனிடும் முறை வந்த பிறகு ஆற்றுக்கும் கிணறுகளுக்கும் நேர்ந்த கதி எல்லோரும் அறிந்தது. 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட், வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், கெடுத்தவனே செலவு தர வேண்டும் என்ற கொள்கை நம் தேசத்துச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொல்லிற்று. அப்போது தோல் பதனிடும் சாலை ஒவ்வொன்றுக்கும் விதித்த அபராதம் பத்தாயிரம் ரூபாய். ஆறு அதற்கு மலிவாகத்தான் போயிற்று. 2025 ஜனவரி 30-ல் அதே கோர்ட் மறுபடியும் பாலாற்றை எடுத்துக் கொண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்துவிட்டு அதைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது.

தோலுக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கழிவு நீரைப் பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றுவதைவிடப் பள்ளத்துக்கு ஓட விடுவதே சுலபம். ஆற்றோர ஊரில் பள்ளம் என்பது ஆற்றங்கரைப் பக்கந்தான். சுத்திகரித்த பிறகு மிஞ்சும் கசடும் எங்கேயாவது ஒரு தொட்டியில்தான் கிடக்க வேண்டும். 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் அப்படிப்பட்ட ஒரு கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, இரவு தூங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் அந்தச் சேற்றில் அகப்பட்டு உயிர் இழந்தார்கள். வடகிழக்கு மழை ஓய்ந்துவிட்ட தை மாதத்தில் நேர்ந்தது அது. கரை மீறி வருகிற வெள்ளம் இத்தகைய தொட்டிகளைத் தொட்டால், 1903-ல் வெறும் ஜலம் வந்த இடத்துக்குக் குரோமியமும் கூடவே வந்து வயல்களில் படியும். ஜலம் இரண்டு நாளில் வடிந்துவிடும். குரோமியம் வடியாது.

எனவே, எந்த அளவு வெள்ளத்தில் எந்த இடத்தில் கரை மீறும் என்று தெரிந்து கொள்வதில் ஆற்றங்கரைக் குடிசைக்காரருக்கு எவ்வளவு அக்கறை உண்டோ, அவ்வளவு அக்கறை தோல் முதலாளிக்கும் இருக்க வேண்டும்.

*

இப்போது பணத்துக்கு வருவோம். இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் கிடைப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். காரணம் எளிது. தடுப்புச் சுவர் கட்டினால் அஸ்திவாரக் கல் நாட்டலாம். பாலம் கட்டினால் ரிப்பன் வெட்டலாம். ஆற்றை அளந்தால் எதைத் திறந்து வைப்பது? காகிதத்தில் நாலு வரைபடமும் ஒரு பட்டியலும் கிடைக்கும். அதற்கு மாலை போட முடியாது. அதனால் சுவருக்குக் கோடிக் கணக்கில் பணம் புறப்படுகிறது. அந்தச் சுவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று சொல்லும் அளவைக்குப் பணம் கேட்டால் கஜானாக் கதவு முனகுகிறது. கால் அளவு எடுக்காமல் பாதரட்சை தைக்கும் வழக்கம் ஆம்பூரில் கிடையாது என்பதை இங்கே ஞாபகப்படுத்தினால் போதும்.

இத்தனைக்கும் பாலாறு அளப்பதற்கு வெகு சௌகரியமான ஆறு. கங்கையையோ கோதாவரியையோ அளக்க வேண்டுமானால் படகு வேண்டும், ஆழம் பார்க்கும் கருவிகள் வேண்டும். இங்கே சர்வேக்காரர் செருப்போடு ஆற்றின் நடுவில் நடந்து போகலாம். தமிழ்நாட்டில் ஓடும் 222 கிலோ மீட்டரிலும் அரை கிலோ மீட்டருக்கு ஒரு குறுக்கு அளவு எடுத்தால் சுமார் 444 அளவுகள். ஒரு குழு நாளைக்கு இரண்டு அளவுதான் எடுக்கும் என்று தாராளமாக வைத்துக் கொண்டாலும், நான்கு குழுக்கள் இரண்டு மாதத்தில் முடித்து விடலாம். ஆகாயத்திலிருந்து டிரோன் விமானத்தில் ஒளிக்கதிரைப் பாய்ச்சி நில மட்டம் எடுக்கும் முறையும் வந்துவிட்டது. அதைச் சேர்த்துக் கொண்டால் வேலை இன்னும் குறையும். ஜலமில்லாத ஆறு என்று பரிகசிக்கிறோமே, அந்தக் குறை இந்த ஒரு காரியத்துக்கு வரப்பிரசாதம்.

இந்தச் செலவு யாருடையது? முதலில் சர்க்காருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பதினைந்தாவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரையிலான வருஷங்களுக்கு வகுத்த திட்டத்தில், மாநிலங்களின் பேரிடர் நிதியில் நூற்றுக்கு இருபது பங்கை, ஆபத்து வந்த பின் நிவாரணம் கொடுப்பதற்கு அல்ல, வருவதற்கு முன் தணிப்பதற்கென்றே பிரித்து வைத்தது. ஆற்றின் கொள்ளளவை அறிவதைவிட அந்த வார்த்தைக்குப் பொருத்தமான செலவு வேறு எது? அணைகளின் பாதுகாப்புக்காக 2021-ல் நிறைவேறிய மத்திய சட்டமும், அதன் கீழ் வரும் அணை ஒவ்வொன்றுக்கும் ஆபத்துக் காலத் திட்டம் ஒன்றை ஐந்து வருஷத்துக்குள் தயாரிக்க வேண்டும் என்கிறது. கீழே உள்ள ஆறு எவ்வளவு கொள்ளும் என்று தெரியாமல் அந்தத் திட்டத்தை எழுதினால், அது காகிதத்துக்குச் செய்யும் துரோகம்.

இரண்டாவதாக, தோல் தொழில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்ட நஷ்ட ஈட்டுப் பணத்திலிருந்து எடுக்கலாமே என்று யாராவது சாமர்த்தியமாக யோசனை சொல்லக்கூடும். கூடாது. அது கிணறு கெட்டவர்களின் பணம். நிலம் பாழானவர்களின் பணம். அதில் ஒரு காசைத் தொட்டாலும் பாவம். தொழிலதிபர்கள் தங்கள் சங்கங்களின் மூலம் தனியாகக் கொடுக்கட்டும். தங்கள் சாலைகளும் சரக்குக் கிடங்குகளும் கசடுத் தொட்டிகளும் எந்த வெள்ளத்தில் முழுகும் என்று தெரிந்து கொள்வதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அது. தர்மமாக நினைக்க வேண்டியதில்லை; வியாபாரமாக நினைத்தாலும் கட்டுப்படியாகும்.

மூன்றாவதாக ஒரு நிபந்தனை. பழைய வேலூர் ஜில்லாவை 2019-ல் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று மூன்றாகப் பிரித்தார்கள். நிர்வாகத்துக்கு அது சௌகரியமாயிருக்கலாம். ஆனால் வாணியம்பாடியில் புறப்படும் வெள்ளம் மூன்று கலெக்டர்களிடமும் உத்தரவு வாங்கிக் கொண்டு வருவதில்லை. ஜில்லாவுக்கு ஜில்லா தனித்தனியாக அளந்து, தனித்தனி அலமாரியில் பூட்டி வைத்தால் பணம் வீண். ஆறு ஒன்று, அளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். கவுண்டின்ய நதியும் பொன்னையாறும் அதில் சேர வேண்டும். ஒரு தடவை அளந்தால் போதும் என்பதும் இல்லை. ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும் ஆறு தன் படுக்கையைப் புரட்டிப் போட்டுக் கொள்கிறது. 2021-ன் வெள்ளத்துக்கு முன் எடுத்த அளவு யாரிடமாவது இருந்தாலும், அது பழைய ஆற்றின் அளவு.

அளந்து கிடைத்த எண்களை என்ன செய்வது? அவற்றை ரகசியமாக வைப்பதற்கு நியாயமே இல்லை. ஒவ்வொரு பாலத்தின் தூணிலும் கோடு போட்டு, "ஜலம் இந்தக் கோட்டைத் தொட்டால் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்று தமிழிலும் உருதுவிலும் எழுதட்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இரண்டும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கோட்டுக்கு எந்தத் தெரு காலி செய்ய வேண்டும் என்ற பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரிலும், பள்ளிவாசல், கோயில் வாசல்களிலும் ஒட்டட்டும். சித்தூர் ஜில்லாவில் கலவகுண்டா அணையின் கதவடியில் நிற்கும் உத்தியோகஸ்தருக்கும் ஒரு பிரதி போகட்டும். ஜலத்தைப் பற்றி இரண்டு ராஜ்யங்களும் கோர்ட்டில் வழக்காடிக் கொண்டிருப்பது இருக்கட்டும். திருவலம் பாலத்தின் கீழ் எவ்வளவு போகும் என்று அவருக்குச் சொல்வதால் யாருடைய கட்சியும் பலவீனப்பட்டுவிடாது. அவர் தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் சொல்வதற்கு வேலூரில் ஆள் பஞ்சமில்லை.

தை பிறந்தால் ஆற்றில் இறங்கலாம். தென்மேற்கு மழை மேலே கோலாரில் தொடங்குவதற்குள் ஐந்து மாதம் கிடைக்கிறது. மேலே சொன்ன கணக்கின்படி வேலைக்கு வேண்டியது இரண்டு.